நான்காவது துவாய் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் அறிவீர்கள். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, சொகுசுக் கப்பலில் நடப்பதாகத் தான் எழுதிய கொலைக் கதையை வாசித்துக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு பக்கங்கள் மிச்சம். "இதெல்லாம் மேல்தட்டு மக்களின் பொழுதுபோக்கு, பிள்ளை. சொகுசுக் கப்பலுக்கும் நம் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மூத்தவர் ஒருவர் மறித்தார். சிலர் கைதட்டினார்கள். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் வாய் திறக்கவில்லை. மூன்று நாட்களாக அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

ஐயா, அந்தக் கதையை நீங்கள் காதுகொடுத்துக் கேட்டீர்களா? அதில் துப்பறிபவள் பயணிகளின் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண். காலையில் நான்கு துவாய் வைத்த அறையில் மாலையில் மூன்றுதான் கிடக்கின்றன. அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் பிறக்கிறது. கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்பதைக் கப்பலின் கணினி சொல்லிவிடும். பால்கனியைத் தாண்டி அடுத்த அறைக்குள் போனவனை அது சொல்லாது. துவாய்க் கணக்கு சொல்கிறது. மேலே விருந்து நடக்க, கீழ்த்தட்டில் சன்னல் இல்லாத அறையில் படுத்தெழும்பும் ஒரு தொழிலாளியின் கண்ணால் சொல்லப்பட்ட கதை அது. இதுவா மேல்தட்டுக் கதை?

விடயம் சொகுசு அல்ல. கப்பலிலிருந்து யாரும் இறங்கிப்போக முடியாது, அதுதான் விடயம். கொன்றவனும் பக்கத்து மேசையில்தான் சாப்பிடுகிறான். பொலிஸ் இல்லை. ஆழ்கடலுக்குப் போய்விட்டால், கப்பலில் எந்த நாட்டின் கொடி பறக்கிறதோ அந்த நாட்டின் சட்டம்தான். சொகுசுக் கப்பல்கள் பல பஹாமாஸ், பனாமா கொடிகளோடு ஓடுகின்றன. அடுத்த துறைமுகம் வரும்வரைதான் துப்பறிபவளுக்கு நேரம். "மீன்பிடி வள்ளத்தில் நடப்பதாக எழுதலாமே" என்றார் இன்னொருவர். வள்ளத்தில் நான்கு பேர், நால்வரும் ஒரே ஒழுங்கைக்காரர்கள். அங்கே கொலை நடக்கலாம். மர்மத்துக்கு எங்கே இடம்?

வெளிநாட்டு நகல் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நைல் நதிக் கப்பலில் கொலையை வைத்து 1937இல் நாவல் எழுதிய அகதா கிறிஸ்டி எகிப்துக்குப் போய் வந்தவர். இந்தப் பிள்ளை 2023இல் சென்னையிலிருந்து நம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த சொகுசுக் கப்பலைப் பார்த்தவள். கண்டதிலிருந்துதான் இருவருமே தொடங்கினார்கள்.

இறங்க முடியாத கப்பல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 தரைப்பாதை போரினால் மூடப்பட்டபோது அங்கே அகப்பட்டுக்கொண்டேன். அடுத்த வருடம் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில்தான் ஊர் திரும்பினேன். நடுக்கடலில் ஓர் அம்மம்மாவின் நகைப்பொதியைக் காணவில்லை. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எல்லோருடைய கண்களும் தனியாக வந்திருந்த ஒரு பையனிடமே போய் நின்றன. அவன் தன் பையைத் தானே அவிழ்த்து, ஒரு சாரம், இரண்டு சட்டை, ஈரம் காயாத ஒரு துண்டு என்று ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்தான். விடிகிற நேரத்தில் பேரப்பிள்ளையின் பால்மாப் பேணிக்குள் நகை அகப்பட்டது. அம்மம்மாவே ஒளித்துவைத்து மறந்திருந்தார். இறங்கும்போது அந்தப் பையன் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. அவனை அப்படிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

"இவ்வளவு இழப்பைக் கண்ட ஊரில் கொலையை விளையாட்டாக எழுதலாமா?" இந்தக் கேள்வியை மட்டும் என்னால் தட்டிவிட முடியவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019இல் சந்தேகநபர்கள் 13 பேரையும் நீதிமன்றம் விடுவித்தது. அப்படியென்றால் யார் செய்தது? அந்தக் கடற்கரையில் விளையாடி வளர்ந்த பிள்ளை, கொன்றவனின் பெயர் கடைசிப் பக்கத்தில் வந்தே தீரும் ஒரு கதையை எழுதுகிறாள். அதைப் போய் விளையாட்டு என்கிறீர்களே ஐயா! அந்தப் பெயரைச் சொல்லக்கூட அவளை நாம் விடவில்லையே!

கொப்பியைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். இப்போது அது என்னிடம் இருக்கிறது. அந்த இரண்டு பக்கங்களையும் நான் புரட்டவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவேன். அவளே வாசிக்கட்டும்.