மேலே மண் போட்டால் இடம் சுத்தமாகிவிடாது

"ராணிப்பேட்டை குரோமேட் ஆலை இடத்தைச் சுத்தம் பண்ணி முடிச்சதும் வீடு, பள்ளி, பூங்கா எது வேணும்னாலும் கட்டலாம், ஊர்க்கூட்டம் அப்புறம் வச்சுக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. வரிசையே தலைகீழ். இடத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை வைத்துத்தான் எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதே முடிவாகும். ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவை அங்கேயே மண் போட்டு மூடி வைத்தால் அந்த மூடியைத் துளைக்கவே கூடாது: போர்வெல், ஆழ வேர் விடும் மரம், செப்டிக் டேங்க் எதுவும் ஆகாது. சோலார் பேனல், லாரி நிறுத்தம் சரிவரும்.

அந்தக் கழிவில் இருக்கும் குரோமியம்-6 என்ற நச்சு தண்ணீரில் கரையும். மழை விட்டு மண் காயும்போது ஈரத்தோடு மேலேறி மஞ்சளாகப் பூக்கும். குரோமைட் தாதுவிலிருந்து குரோமேட் எடுத்தபின் மிஞ்சும் இந்தக் கழிவு ஈரத்தில் உப்பவும் செய்யும், அதன்மேல் போட்ட தரைத்தளம் வெடிக்கும். பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கலந்து, நச்சு குறைந்த குரோமியம்-3 ஆக மாற்றினாலும், கழிவுக் கட்டிகளுக்குள் சிக்கிய குரோமியம்-6 மெல்லக் கசிந்து அளவு திரும்ப ஏறலாம். அதனால் ஒரே ஒரு பரிசோதனை அறிக்கை போதாது; மழைக்கு முன்னும் பின்னும் சுற்றுக் கிணறுகளில் பார்க்க வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

கழிவை எங்கே அள்ளினார்கள், எங்கே மூடினார்கள், எத்தனை அடி ஆழம் என்று காட்டும் வரைபடத்தை முதலில் கேளுங்கள். அது இல்லாமல் "பூங்கா வேணுமா" என்று கையெழுத்து வாங்க வந்தால் போடாதீர்கள்.