சண்டை இருக்கிறது, ஆள் எங்கே?

சூப்பர்ஹீரோ படங்களின் கடைசி அரை மணி நேரம் வந்தாலே எரிச்சல்தான். கட்டடங்கள் சரிகின்றன, காது கிழிகிறது. அடிபடுகிறவன் மீது அக்கறை மட்டும் வருவதில்லை. சண்டையே கூடாது என்று சொல்லவில்லை. யாருக்காகப் பதறுவது?

2013-இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோபோலிஸ் நகரம் நொறுங்குகிறது. கடைசியில் சூப்பர்மேன் தன் இனத்தவனான ஸாடின் கழுத்தை முறித்துவிட்டுக் கதறுகிறான். அந்தக் கதறலுக்குள் ஒரு முழுப் படமே இருக்கிறது! ஆனால் சற்று நேரத்திலேயே ராணுவத்தின் உளவு விமானத்தை வீழ்த்திவிட்டு, தளபதியிடம் இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கிறான். கொன்ற துயரம் எங்கே போயிற்று?

2004-இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' படத்திலும் ரயில் சண்டை உண்டு. முகமூடியில்லாமல் மயங்கிச் சரிகிறவனைப் பயணிகள் கைகளில் ஏந்தும்போது தொண்டை அடைக்கிறது. பீட்சா கொடுக்கும் வேலை போய், வாடகை பாக்கியில் அவன் தவித்ததை முன்பே பார்த்துவிட்டோமே! அந்தத் தவிப்பைக் காட்ட கிராஃபிக்ஸா தேவைப்பட்டது? ஒரு சிறிய அறையும் வீட்டுக்காரரின் அதட்டலும் போதுமாக இருந்தன.