பண்டிக் கருவாடும் ஒரு கப் அளவும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சட்டி உருளைக்கிழங்கு சூப், வாயில் வைக்க ஏலாமல், கிணற்றடி வாழைக்குப் போனது. வாழையும் பாவம். அவ்வளவு உப்பு.

குறிப்பு ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சியுடையது. "பாணோட சாப்பிட்டுப் பார் அக்கா, விடமாட்டாய்" என்று வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அதில் ஒரு வரி: நறுக்கிய பேக்கன் ஒரு கப். பேக்கன் என்றால் பக்கெட்டில் வரும் பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டு. பொரித்து, பாதியைச் சூப்பில் போட்டு மீதியை மேலே தூவ வேண்டுமாம். நான் 200 கிராம் பக்கெட் ஒன்றை வெட்டித் தாச்சியில் பொரித்தெடுத்துக் கப்பில் போட்டுப் பார்த்தேன். அரைக் கப்தான் வந்தது. சரியென்று அடுத்த பக்கெட்டையும் வெட்டினேன். கப் நிரம்பியது. கிழங்கு அவித்த தண்ணீரில் வழக்கமான உப்பு, அதற்கு மேல் ஒரு சூப் கட்டி. பிறகு நடந்ததை வாழையிடம்தான் கேட்க வேண்டும்.

"ஐயோ அக்கா, அது பச்சையா அளக்கிறதெல்லோ!" என்று தங்கச்சி சிரித்தாள். சிரிப்பு அடங்கவே இரண்டு நிமிடம்.

இதில் என் பிழை பாதி. மற்றப் பாதியை இப்படிக் குறிப்பு எழுதுகிறவர்களின் கணக்கில்தான் எழுதுவேன். "ஒரு சுண்டு அரிசி" என்றால் பச்சையரிசியோ குத்தரிசியோ, உலையில் போட முதல் அளந்தது என்று எங்களுக்குத் தெரியும். "ஒரு சுண்டு சோறு" என்றால் அது வேறு. அரிசிக்கும் சோற்றுக்கும் இரண்டு சொல் இருப்பதால் எங்களுக்கு அந்தக் குழப்பம் வருவதில்லை. பேக்கனுக்கு ஒரே சொல்தான். பச்சையிலும் பேக்கன், பொரித்தாலும் பேக்கன். ஆனால் இடையில் அது படுகிற பாடு பெரிய பாடு.

அன்றிரவு கோபத்தில் சமையல் தராசை எடுத்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். சாதாரணத் தடிப்பில் ஒரு துண்டு பச்சையில் ஏறக்குறைய 28 கிராம், அவர்களுடைய கணக்கில் ஒரு அவுன்ஸ். மொறுமொறுவென்று பொரித்தெடுத்தால் எட்டு, ஒன்பது கிராம்தான் மிஞ்சும். மூன்றில் இரண்டு பங்கு, தண்ணீரும் கொழுப்புமாகத் தாச்சியோடு போய்விடும். உதிர்த்தால் அந்தத் துண்டு ஒரு மேசைக்கரண்டி அளவு வரும். 16 மேசைக்கரண்டி ஒரு கப். ஆகவே பொரித்து உதிர்த்த பேக்கன் ஒரு கப் வேண்டுமென்றால் 16 துண்டு, கிட்டத்தட்ட 450 கிராம் வேண்டும். பச்சையாக நறுக்கி அளந்த ஒரு கப்புக்கோ ஏறக்குறைய 225 கிராம் போதும். நான் போட்டது அதில் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. தங்கச்சி சிரித்ததில் நியாயம் இருக்கிறது.

"ஆறு துண்டு" என்று எழுதுகிறவர்களும் இவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. எத்தனை தடிப்பில் ஆறு துண்டு? மெல்லியதென்றால் ஒரு இறாத்தலில் 20 துண்டுக்கு மேலேயே வரும், தடித்ததென்றால் பன்னிரண்டோடு முடிந்துவிடும். அதுவும் அமெரிக்கக் குறிப்பென்றால் வயிற்றுப்பக்க இறைச்சி, கொழுப்பு வரிவரியாக ஓடும். லண்டன் குறிப்பென்றால் பெரும்பாலும் முதுகுப்பக்க இறைச்சி, கொழுப்பு ஓரத்தில் மட்டும்தான். தங்கச்சியின் ஊரிலோ பீமீல் பேக்கன் என்று ஒன்று இருக்கிறது. சோளமாவில் புரட்டியது, புகையே போடாதது. மூன்றுக்கும் ஒரே பெயர். ஒரு துண்டு என்றால் எதை வெட்டுவது? கிராமில், பச்சை நிறையில் எழுதினால் என்ன கெட்டுப்போகும்?

சரி, புலம்பல் போதும். எனக்கு விளக்கம் தந்தது தராசில்லை, மாமி.

நான் கொக்குவிலில் சைவ சமயக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்க ஊரான பாசையூருக்கு மருமகளாய் வந்தவள். எங்கள் வீட்டில் மச்சம் சமைத்த நாட்களிலும் பன்றி இறைச்சி குசினிக்குள் வந்ததில்லை. இங்கே நத்தாருக்கு அது இல்லாமல் பண்டிகை இல்லை. ஆனால் பேக்கன் மாமிக்கும் புதிது. பக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, இது பண்டிக் கருவாடெல்லே? கருவாட்டுச் சட்டிக்கு ஆரும் முதலே உப்புப் போடுவினமே?" என்றா.

அவ்வளவுதான் விஷயம். உப்பில் ஊறப்போட்டுப் புகை காட்டின இறைச்சி. கருவாட்டுக்கு வெயில், இதற்குப் புகை. கருவாட்டைப்போல முற்றாகக் காயாததால் இது பிரிட்ஜில் இருக்க வேண்டும், சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். மற்றப்படி ஒரே குடும்பம். கருவாட்டை எப்படி நடத்துவது என்று எங்கள் ஆட்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. கட்டாவும் நெத்தலியும் ஒரே உப்பில்லை, ஆகவே நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்போம். கூடினால் சுடுதண்ணீரில் போட்டெடுப்போம். உப்பைக் கடைசியில்தான் யோசிப்போம். பேக்கனுக்கும் இதே நடைமுறைதான், நுனியைக் கிள்ளிப் பொரித்துப் பார்ப்பது மட்டும் மேலதிகம். உப்போ புகையோ கூடுதலென்றால், நறுக்கி இரண்டு நிமிடம் கொதிதண்ணீரில் போட்டு வடித்துவிட்டுப் பொரியுங்கள், பாதி சாந்தமாகிவிடும். பிரெஞ்சுக்காரரும் இதைத்தான் செய்கிறார்கள். பொரிக்கும்போது மட்டும் கருவாட்டுக்கு நேர்மாறு. கொதிக்கிற எண்ணெயில் போடக் கூடாது. சூடில்லாத தாச்சியில் அடுக்கி, மெல்லிய நெருப்பில் வைத்தால் கொழுப்பு தானாக உருகி வரும். வெள்ளை நுரையாகத் தண்ணீர் கக்கினால், உப்புத்தண்ணீர் ஊசி ஏற்றிய மலிவுச் சரக்கு என்று விளங்கிக்கொள்ளுங்கள். அது இன்னும் சுருங்கும்.

இனி மாற்று. ஏனென்றால் எல்லா நாளும், எல்லா வீட்டிலும் இது ஆகாது. விலையைச் சொன்னால் வயிறெரியும். ஐந்து சந்தி முஸ்லிம் சிநேகிதி வந்தால் அவளுக்குப் பன்றி தொட்ட தாச்சியிலேயே சமைக்கக் கூடாது. நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடி ஏறினால் 25 நாளும் அம்மா வீட்டில் முட்டைகூட இல்லை.

எங்கள் ஆட்கள் உடனே எடுப்பது சொசேஜ். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அரைத்த இறைச்சியை மாவோடு சேர்த்து உறையில் அடைத்தது. பெரும்பாலானவற்றில் புகை மணமும் இல்லை, உருகிவரும் கொழுப்பும் இல்லை, மொறுமொறுப்பும் இல்லை. இரண்டும் பன்றி என்பதற்காக மாற்றிவிடலாம் என்றால், கணவாய்க்குப் பதில் சுறா போடலாம், இரண்டும் கடல்தானே.

பேக்கன் ஒரு சட்டியில் நாலு வேலை செய்கிறது: உப்பு, புகை, கொழுப்பு, மொறுமொறுப்பு. நீங்கள் சமைப்பதில் அதற்கு எந்த வேலை என்று முதலில் பாருங்கள். நாலுக்கும் ஒரே ஆளைத் தேடாதீர்கள், கிடைக்காது.

சூப், பருப்பு, போஞ்சி மாதிரி அடியில் ருசி வேண்டிய சாமான்களுக்கு என் முதல் தெரிவு மாசி. யோசித்துப் பாருங்கள், சூரை மீனை அவித்து, புகை காட்டி, விறகுபோலக் காயவைத்தது. உப்பும் புகையும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. ஜப்பான்காரர் கட்சுஓபுஷி என்று சீவிப் போடுவது இதன் ஒன்றுவிட்ட சகோதரம். அதன் ருசிக்குக் காரணம் இனோசினேட் என்ற பொருள்தான் என்று கொடாமா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1913இல் கண்டுபிடித்தார். பாசையூரில் அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படவில்லை, சம்பலிலேயே தெரியும். ஒரு துண்டு பேக்கனுக்கு ஒரு தேக்கரண்டி இடித்த மாசி, உருகிவரும் கொழுப்புக்கு ஈடாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது பட்டர். இது என் குசினிக் கணக்கு. வெங்காயம் வதங்கும்போதே போட்டுவிடுங்கள், கடைசியில் போட்டால் மீன் மணம் தனித்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: மாசி போட்டால் அது சைவம் இல்லை. "கொஞ்சம்தானே, வாசத்துக்கு" என்று சொல்லிச் சைவக்காரருக்குப் பரிமாறுகிறவர்களை எனக்குத் தெரியும். அது கள்ளம்.

மேலே தூவுவதற்கென்றால் தேங்காய்ச் சொட்டு. முற்றின தேங்காயைக் கத்தியால் மெல்லிய பட்டையாகச் சீவி, இரண்டு கப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு தேக்கரண்டி துருவின பனங்கட்டி, அரைத் தேக்கரண்டி தனி மிளகாய்த்தூள் பிசறி, இளநெருப்பில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பொன்னிறத்துக்குச் சற்று முன்னரே இறக்குங்கள், சூட்டிலேயே மீதி சிவக்கும். புகை வேண்டுமென்றால் சிரட்டைத் தணல் ஒன்றைச் சிறு கிண்ணத்தில் வைத்து, அதை அந்தச் சட்டிக்குள் இறக்கி, தணலில் ஒரு சொட்டு நெய் விட்டு, ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். நல்லூர் நாட்களில் அம்மாவுக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். பேக்கன் மாதிரி இருக்கிறதா என்று அவவிடம் கேட்டுப் பயனில்லை, சாப்பிட்டதே இல்லை. தட்டு காலி.

கோழி பேக்கன் இப்போது கிடைக்கிறது. மோசமில்லை. கொழுப்புக் குறைவு, ஆகவே எண்ணெய் விட்டுத்தான் பொரிக்க வேண்டும், சுருங்குவதும் குறைவு, ஆகவே மேலே சொன்ன கப் கணக்கு அதற்குப் பொருந்தாது. காளான், சோயா இரண்டையும் செய்து பார்த்தேன். சொல்ல ஒன்றுமில்லை.

"தமிழனுக்கு எதுக்கு பேக்கன்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நீங்கள் காலையில் சாப்பிட்ட பாணும், சம்பலில் இடித்த மிளகாயும், அதை இடித்த குசினி என்ற சொல்லும் போர்த்துக்கேயரோடு வந்தவை. "புற்றுநோய் வரும்" என்று எழுத வருகிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில்தான் சேர்த்தது. நான் இதை மாதத்தில் ஒரு ஞாயிறு சாப்பிடுகிறவள், அதிலும் ஒரு ஞாயிறு வாழைக்குப் போய்விட்டது.

மூன்றாவது பக்கெட்டில் மீதி ஐந்து துண்டு பிரீசரில் கிடக்கிறது. அதை நறுக்கிப் போட்டுக் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துப் பார்க்கப் போறன் என்று மாமி நிற்கிறா. நிறுத்துப் பார்த்தேன், 130 கிராம். உப்புப் பேணியை மேல்தட்டில் எடுத்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.