வாடகை வருகிறதே என்று சொல்லாதீர்கள்

பேஸ்பால் பிள்ளைகளின் மைதானத்தைப் பூட்டச் சொன்ன நீதிபதிக்கு ஈவிரக்கமே இல்லையாம். லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்கப் படைவீரர் நலத் துறையின் வளாகத்தில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்திருந்த மைதானம் அது. வீடில்லாத முன்னாள் படைவீரர்கள் தொடுத்த வழக்கில், 2024இல் அதைப் பூட்டச் சொன்னார் நீதிபதி. இதைப் பற்றி நம் லாஸ் ஏஞ்சலஸ் நண்பர்கள் எழுதுவதைப் படித்து வெறுத்துவிட்டது. அது யார் இடம் என்று ஒருவராவது கேட்டீர்களா?

1888இல் ஒரு செனட்டரும் அர்காடியா டி பேக்கர் என்ற அம்மாவும் 300 ஏக்கரை எழுதிக்கொடுத்தது, காயம்பட்ட படைவீரர்கள் குடியிருக்க. விளையாட்டு மைதானத்துக்கு இல்லை. அங்கேயே இடம் வாடகைக்கு எடுத்த பணக்காரத் தனியார் பள்ளியின் நீச்சல் குளத்துக்கும் இல்லை.

"வாடகை வருதே, அது வீரர்களுக்குத்தானே?" என்கிறீர்கள். எங்கே போனது? 2016 சட்டப்படி, 2021இல் அது திருத்தப்படும்வரை, அந்தப் பணத்தை வளாகத்தின் நிலத்தையும் கட்டடங்களையும் பழுதுபார்க்க, பராமரிக்க மட்டுமே செலவழிக்க முடிந்தது. வீரரின் இடத்தை வாடகைக்கு விட்டு, அதே இடத்துக்கு வெள்ளையடித்தார்கள். தீர்ப்பு வந்தபோது பத்து ஏக்கர் மைதானத்துக்கு வருஷ வாடகை மூன்று லட்சம் டாலர் சொச்சம். அந்தப் பக்கம் அதற்கு ஒரு நல்ல வீடுகூட வாங்க முடியாது. அந்தச் சொற்ப வாடகையாவது ஒழுங்காக வந்ததா? வளாகத்தின் கார் பார்க்கிங் குத்தகைக்காரர் துறை அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்து, ஒரு கோடி டாலருக்கு மேல் சுருட்டி ஜெயிலுக்குப் போனாரே!

2021இல் நான் தினமும் போகும் சான் விசென்டே சாலையில், அந்த வளாகத்தின் வேலியை ஒட்டியே வீடில்லாத முன்னாள் படைவீரர்களின் கூடாரங்கள். ஒவ்வொன்றிலும் கொடி. வியட்நாம் போன பெரியவர் ஒருவர், தன் படைப்பிரிவுத் தொப்பி நனையக்கூடாது என்று ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர். டிரங்குப் பெட்டியில் மெடல்களை அவரும் அப்படித்தான் பொத்தி வைத்திருப்பார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

மாணவர்கள் பாவம்தான், சரி. அவர்களுக்கு வேறு மைதானம் கிடைக்கும். "உனக்கெதற்கு அமெரிக்காக்காரன் பிரச்சினை?" வரி கட்டுகிறேன், கேட்கிறேன். "வீடு கொடுத்தாலும் குடிச்சு அழிச்சிடுவாங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போர் முடிந்து வந்தவனைப் பார்த்து இதைச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

1,800 நிரந்தர வீடுகளும் 750 தற்காலிக வீடுகளும் அந்த வளாகத்தில் கட்டச் சொன்னது தீர்ப்பு. போதிய இடமில்லை என்று கோர்ட்டில் வாதாடியது அந்த இடத்தை வாடகைக்கு விட்ட அதே படைவீரர் நலத் துறைதான். உங்கள் கோபத்தை அங்கே போய்க் காட்டுங்கள்.