ஆப்ப சோடா வேண்டாம் அக்கா
பார்லரில் முடிக்குப் போட்ட சீரம் பிசுக்குப் போக ஆப்ப சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போதும் என்று சொல்லியிருக்கிறீர்கள் அக்கா. தயவுசெய்து வேண்டாம். தலைத்தோலின் பிஎச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 5.5, சோடாக் கரைசல் 8-ஐத் தாண்டும். முடியின் மேல் செதில்கள் விரிந்து சிக்குதான் விழும். சீரத்தில் இருக்கும் சிலிக்கோன் அதில் கரையாது.

நம் கீழக்கரைப் பக்கம் போர் தண்ணீர் வேறு உப்பு. வாளி விளிம்பில் வெள்ளையாகக் காய்ந்து நிற்கிறதே, அதுதான் முடியிலும் படிகிறது. கிளாரிஃபையிங் ஷாம்பூவை, அதாவது முடியில் படிந்ததை நீக்கும் ஷாம்பூவை, ஒரே ஒரு தடவை, வேரிலிருந்து நுனிவரை விரலால் பொறுமையாகத் தேய்த்து விடுங்கள். கடைசி அலசலுக்காவது ஒரு குடம் காவிரித் தண்ணீர் எடுத்து வையுங்கள். அப்புறம் நுனிக்கு மட்டும் கண்டிஷனர்.

சாயமோ ஸ்மூத்தனிங்கோ (முடியை வழவழப்பாக்கும் பார்லர் சிகிச்சை) செய்திருந்தால் முதலில் பார்லரில் கேளுங்கள். இந்த ஷாம்பூ அதையும் சேர்த்து இறக்கிவிடலாம்.