ஜூஸ் டப்பாவில் பழம் எவ்வளவு என்று முன்பக்கத்திலேயே, தமிழில் எழுதுங்கள்

அப்பாவுக்குக் காலில் புண் ஆறாமல் போன மாதம் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவருக்கு இருபது வருடமாகச் சர்க்கரை நோய். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. மூன்றாம் நாளே கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் ஏழு ஜூஸ் டப்பாக்கள் சேர்ந்துவிட்டன. ஆரஞ்சுப் படம் போட்ட ஒரு லிட்டர் டப்பாவைக் கொண்டுவந்த அத்தை, "இதுல சர்க்கரையே சேர்க்கலையாம்டி, அண்ணனுக்குத் தாராளமா குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை சொன்னதில் பொய் இல்லை. டப்பாவிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அப்பா காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் குடித்தார். ராத்திரி ரத்தத்தில் சர்க்கரை பார்த்த நர்ஸ், "என்ன சாப்பிட்டீங்க ஐயா, இவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்டார். "ஜூஸ்தாம்மா, சர்க்கரை போடாதது" என்றார் அப்பா. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருந்தார். தப்பு அவருடையது இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏழு டப்பாக்களையும் திருப்பி, போன் கேமராவில் எழுத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். கண்ணாடி போட்டும் வெறும் கண்ணால் படிக்க முடியவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்து விதிமுறைகளையும் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் டப்பாவில் வரும் எல்லாவற்றையும் 'ஜூஸ்' என்கிறோம். சட்டத்தில் அப்படி இல்லை. பழச்சாறு வேறு, ஃப்ரூட் டிரிங்க் வேறு. எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஃப்ரூட் டிரிங்க் என்று விற்க 10 சதவீதம் பழச்சாறோ கூழோ இருந்தால் போதும். எலுமிச்சை என்றால் 5 சதவீதமே போதும். மிச்சமெல்லாம் தண்ணீர், சர்க்கரை, சிட்ரிக் அமிலம், மணத்துக்கும் நிறத்துக்கும் சேர்ப்பவை. என் முன்னால் இருந்த ஏழில் நான்கு இந்த ரகம். நான்கிலும் முன்பக்கம் முழுக்கப் பழம், பழத்தின் மேல் பனித்துளி. 'ஃப்ரூட் டிரிங்க்' என்ற சொல் ஓரத்தில், சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில்.

சேர்மானப் பட்டியலைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஒரு மாம்பழ டப்பாவில் தண்ணீர், சர்க்கரை, மாம்பழக் கூழ் என்ற வரிசையில் இருந்தது. மாம்பழத்தை விடச் சர்க்கரை அதிகம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், நாம்தான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. கடையில் கிடைக்கும் மாம்பழ பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 12 முதல் 15 கிராம் வரை சர்க்கரை இருக்கிறது. கோலாவில் 10, 11 கிராம். பிள்ளை கோலா கேட்டால் திட்டுகிற நாமே மாம்பழ டப்பாவை ஸ்நாக்ஸ் பையில் வைத்து அனுப்புகிறோம். 160 மில்லி சின்ன டப்பா ஒன்றில் 13 கிராம் கணக்குப்படி 21 கிராம் சர்க்கரை வருகிறது. டீஸ்பூனில் அளந்தால் நான்கு. பிள்ளைக்கு ஆற்றும் பாலில் நான்கு ஸ்பூன் போடுவோமா?

சரி, அத்தை கொண்டுவந்த டப்பா இந்த ரகம் இல்லையே என்பீர்கள். இல்லைதான். அதில் இருந்தது ஆரஞ்சுச் சாறுதான். பழத்தைப் பிழிந்து, நீரைச் சுண்டவைத்து, கெட்டிக் கரைசலாக்கி, பாதுகாத்து, வேறொரு ஊரில் திரும்பத் தண்ணீர் ஊற்றிச் சாறாக்கியது. இதற்குப் பெயர் 'ரீகான்ஸ்டிடியூட்டட்'. இப்படிச் செய்வதே குற்றம் என்று நான் சொல்லவில்லை, உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதை '100 சதவீதம் பழச்சாறு' என்று விற்றார்கள். 2024 ஜூன் மாதம் எஃப்எஸ்எஸ்ஏஐ அந்த வாசகத்தை லேபிளிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. அதை எதிர்த்து டாபர் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இன்னொரு விதியையும் அப்போதுதான் பார்த்தேன். சாற்றில் சேர்க்கும் சர்க்கரை கிலோவுக்கு 15 கிராமைத் தாண்டினால்தான் 'இனிப்பூட்டிய சாறு' என்று எழுத வேண்டும். அதுவரைக்கும் அது வெறும் சாறுதான்.

அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியதற்குக் காரணம் இன்னும் எளிது. பிழிந்த ஆரஞ்சில் இயற்கையாகவே 100 மில்லிக்கு 8 முதல் 10 கிராம் சர்க்கரை உண்டு. ஒரு டம்ளர் நிறைக்க மூன்று நான்கு பழம் வேண்டும். நான்கு ஆரஞ்சை உரித்து, கொட்டை துப்பி, மென்று தின்ன எத்தனை நேரம் ஆகும், இரண்டாவதிலேயே போதும் என்று தோன்றாதா? டம்ளரில் இருந்தால் அரை நிமிஷம். சக்கையில் இருந்த நார்ச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. சர்க்கரை தடையில்லாமல் ரத்தத்துக்குப் போகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில், தேன், பாகு இவற்றோடு பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் சேர்த்திருக்கிறது. முழுப் பழத்தில் இருப்பதைச் சேர்க்கவில்லை.

நம் லேபிளில் இந்தக் கணக்கு எப்படி வருகிறது தெரியுமா? மொத்தச் சர்க்கரை ஒரு வரி, சேர்த்த சர்க்கரை ஒரு வரி. ஒரு நாளைய அளவில் இத்தனை சதவீதம் என்று காட்டுவது சேர்த்த சர்க்கரைக்கு மட்டும்தான், நாளுக்கு 50 கிராம் என்ற அளவை வைத்து. ஆகவே அப்பா குடித்த டம்ளரில் கிட்டத்தட்ட 20 கிராம் இருந்தும் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்றுதான் போட்டிருந்தது. விதிப்படி சரி. சர்க்கரை நோயாளிக்கு அந்தப் பூஜ்யம் ஆபத்து. எனக்கு எல்லாவற்றையும் விட அதிகக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

காய்கறி, மூலிகைச் சாறுகளும் இரண்டு பாட்டில் வந்திருந்தன. நெல்லிக்காய் ஒன்று, பாகற்காயும் நாவலும் சேர்ந்தது ஒன்று. தினமும் குடிக்கச் சொல்வது 30 மில்லி, சத்துக் கணக்கு எழுதியிருப்பது 100 மில்லிக்கு. வைட்டமின் சி சூட்டிலும் நாள்பட வைத்திருந்தாலும் குறையும், பாட்டிலில் போடும்போது இரண்டும் நடக்கிறது. இவற்றைக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவர்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஓஆர்எஸ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பேதியாகிற குழந்தைக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொடியில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், அதோடு அளந்து சேர்த்த உப்புகள். அதே பெயரை வைத்து, பழச் சுவை ஏற்றி, பல மடங்கு சர்க்கரை போட்ட டப்பாக்கள் மருந்துக் கடையிலேயே விற்றன. சர்க்கரை அதிகமானால் குடல் இன்னும் தண்ணீரை இழுக்கும், பேதி கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் தனி ஆளாகக் கத்திக்கொண்டிருந்தார். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது. அந்த அம்மாவுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். முன்பக்கத்தில் ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இப்போது என் ஊர்க் கதைக்கு வருகிறேன். நாங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம். பெரியப்பாவுக்குப் போச்சம்பள்ளி அருகே ஐந்து ஏக்கர் மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா மரம். வெளியே தோதாபுரி என்பார்கள், கூழ் ஃபேக்டரிக்குப் போகும் ரகம். 2025 சீசனில் கிலோ நான்கு, ஐந்து ரூபாய்க்கு மேல் கேட்க ஆளில்லை. பறிகூலி கட்டாது என்று மரத்திலேயே விட்டார்கள், ரோட்டோரம் கொட்டினார்கள். பக்கத்துச் சித்தூரில் ஆந்திர அரசு தலையிட்டு, ஃபேக்டரி 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று 12 ரூபாய்க்கு வழி செய்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சதவீதம் கூழ் இருக்கும் ஒரு லிட்டர் பானத்துக்கு வேண்டியது 100 கிராம் கூழ். பழத்தில் பாதி கூழாகும் என்று வைத்தாலும் 200 கிராம் மாங்காய். கிலோ 5 ரூபாய் என்றால் ஒரு லிட்டர் பானத்தில் என் பெரியப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு ரூபாய். அந்த 10ஐ 20 ஆக்கினால் கம்பெனிக்கு லிட்டருக்குப் பழச் செலவு ஒரு ரூபாய் கூடும், ஆனால் ஃபேக்டரி வாங்கும் பழம் இரண்டு மடங்காகும். டப்பாவில் பழம் குறைவதால் குடிக்கிறவருக்கு மட்டும் இல்லை, விளைவிக்கிறவருக்கும்தான் நஷ்டம். அரசு வரியிலாவது இதைப் பார்த்திருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் கேஸ் சேர்க்காத பழ பானங்களுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கேஸ் அடைத்த பானங்களுக்கு 40 சதவீதம். பழம் 10 சதவீதமே இருந்து சர்க்கரை கோலாவை விட அதிகமாக இருந்தாலும் 5 சதவீதம்தான். இத்தனை சதவீதத்துக்கு மேல் பழம் இருந்தால்தான் இந்தச் சலுகை என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எங்கள் பக்கம் எத்தனை தோப்பு பிழைத்திருக்கும்!

நான் ஜூஸைத் தடை செய்யச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் குடிப்பவரைப் பற்றியும் பேசவில்லை. கேட்பது ஒன்றுதான். எங்கள் அத்தை ஐந்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர். செய்தித்தாளை ஒரு வரி விடாமல் வாசிப்பார். லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், மற்ற மொழி அவர்கள் விருப்பம் என்கிறது இந்திய விதி. தமிழ்நாட்டில் விற்கும் டப்பாவில் பெயரையும் விளம்பர வாசகத்தையும் தமிழில் போட முடிகிறவர்களுக்கு, 'பழம் 11 சதவீதம், சர்க்கரை 4 டீஸ்பூன்' என்று போட முடியாதா? பழப் படத்தின் மேலேயே, அந்தப் படத்தின் பாதி அளவிலாவது? சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை அதிகம் உள்ள பொட்டலத்தில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது, படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியும். இங்கே 2022இல், பொட்டலத்தின் முன்பக்கத்தில் உணவுக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுக்கும் வரைவு விதி ஒன்று வந்தது. அதில் பழம் சேர்த்ததற்கு மதிப்பெண் கொடுத்துச் சர்க்கரைக்குக் கழிக்கும் மதிப்பெண்ணை ஈடுகட்டலாம். ஜூஸ் டப்பாவுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

அந்த ஏழில் ஒன்றில் '100 சதவீதம்' என்ற வாசகம் இன்னும் அப்படியே இருந்தது. முன்பக்கம், பின்பக்கம், தயாரிப்புத் தேதி மூன்றையும் படம் எடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன செவ்வாய்க்கிழமை அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு டப்பா இருந்தால் நீங்களும் அனுப்புங்கள். எனக்குப் பதில் வந்ததும் இதே பதிவுக்குக் கீழே போடுகிறேன்.