ரைம்ஸ் நியூ ரோமனில் தமிழ் எழுத்து இல்லை

ஒப்படையை ரைம்ஸ் நியூ ரோமனில் அமைத்தால் தமிழும் அதே எழுத்துருவில் வரும் என்று ஒரு பதிவில் பகிரப்பட்டுள்ளது. அன்போடு ஒரு திருத்தம்: 1932இல் லண்டன் 'ரைம்ஸ்' நாளிதழ் பயன்படுத்தத் தொடங்கிய இலத்தீன் எழுத்துரு அது. கணினிப் பதிப்பில் கிரேக்கம், சிரிலிக், அரபு எல்லாம் சேர்ந்தன; தமிழ் சேரவில்லை. யுனிகோட் தமிழைத் தட்டினால் வேர்ட் தானாகவே லதா, நிர்மலா போன்ற ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடும். வீட்டில் ஒழுங்காக இருந்த பக்கங்கள் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ அச்செடுக்கும் கடையில் குழம்புவதும் பெரும்பாலும் இதனால்தான்: அந்தக் கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை எடுக்கும், வரி நீளம் மாறும், பக்க எண்ணும் தள்ளும்.

நீங்களே பார்க்கலாம். பிடிஎப் ஆகச் சேமித்து அடோப் ரீடரில் திறந்து, கன்ட்ரோலும் டியும் அழுத்தி எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். தமிழுக்கு வேறு பெயர் இருக்கும். பக்கங்கள் குழம்பாமலிருக்க, கடைக்கும் அந்தப் பிடிஎப்பையே கொடுங்கள்.